ஐப்பசி மழையில் ஒரு முறை வாருங்கள்

டெல்டா மாவட்டங்களில் வீடு வரைந்து தரும் ஆர்க்கிடெக்ட்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கடைமடையில் இருக்கிற ஒரு கிராமம் எனக்கு. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். 8 மா, அதாவது இரண்டரை ஏக்கர் சொச்சம் நிலம் இருக்கிறது, தம்பி பார்த்துக்கொள்கிறான். கஜா புயலுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் இரண்டு வீடு எழும்பியது. ஒன்று டவுன் ஓரத்தில் அண்ணன் கட்டியது. இன்னொன்று ஊரிலேயே, அப்பா கட்டிய ஓட்டு வீடு இருந்த இடத்தில் நான் கட்டியது. இரண்டையும் வரைந்தவர்கள் உங்கள் தொழில்காரர்கள்தான். அண்ணன் வீட்டை வரைந்தவர் மனையைப் பார்க்கக் கடைசிவரை வரவில்லை. என் வீட்டை வரைந்தவர் ஒரு கோடு போடுவதற்கு முன்னால் மூன்று முறை வந்தார். அதில் ஒரு முறை அடைமழையில் மாட்டிக்கொண்டு, ராத்திரி எங்கள் திண்ணையிலேயே படுத்திருந்தார். அந்த வித்தியாசம் இன்றைக்கு இரண்டு வீட்டிலும் சுவரில், தரையில், அடுப்படியில் தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையேறியபோது அந்த ஓட்டு வீட்டுக்குள் அம்மாவும் நானும் இருந்தோம். முதலில் வடக்கிலிருந்து அடித்தது. ஓடுகள் வரிசையாகக் கழன்று வாசலில் விழுந்து நொறுங்கும் சத்தம் நிற்கவே இல்லை. அப்புறம் சட்டென்று ஓய்ந்துவிட்டது. விட்டது என்று எழுந்து விளக்கைத் தேடினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "எழுபத்தேழு புயல்லயும் இப்படித்தான். திரும்பி வரும், உக்காரு" என்றாள். வந்தது, இந்த முறை தெற்கிலிருந்து. கொல்லைத் தென்னை இரண்டாம் கட்டின் மேல் சாய்ந்தது அந்த இரண்டாவது காற்றில்தான். விடிந்து பார்த்தால் முன்கட்டும் திண்ணையும்தான் மிச்சம். ஜன்னல் எந்தப் பக்கம், சன்ஷேடு எத்தனை அடி என்று கணக்குப் போடும்போது இந்தத் திரும்பி வரும் காற்று உங்கள் நினைவில் இருக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். எங்கள் நிலம் தாம்பாளம் மாதிரி. மேட்டூரில் ஜூன் 12 திறந்துவிட்டாலும், கல்லணை தாண்டி வெண்ணாறு, கோரையாறு, முள்ளியாறு என்று கிளை பிரிந்து எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர நாளாகும். வடிவதும் அப்படித்தான். கார்த்திகையில் மழை வலுக்கும்போது கடலும் பொங்கி நிற்கும், வடிகால் தண்ணீரை உள்ளே வாங்காது. அப்போது வயல், தெரு, வாசல் எல்லாம் ஒரே தண்ணீர். அப்படி நாலைந்து நாள் நிற்பது எங்களுக்குப் புதிதில்லை. சென்னையில் இருந்து வருபவர்களுக்கு இது வெள்ளம், எங்களுக்கு இது கார்த்திகை.

மண்ணும் அப்படியே. பளபளவென்று கருத்த களிமண். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். உளுந்து எடுத்து முடித்த வயலில் சித்திரையில் நடந்து பாருங்கள், வெடிப்புக்குள் கை போகும். அந்த வெடிப்பு வீட்டுக்கு அடியிலும் விழும்.

இனி அண்ணன் வீடு.

அந்த மனை இருக்கும் இடம் பத்து வருடத்துக்கு முன்பு சம்பா விளைந்த வயல். மண் அடித்து மேடாக்கி, கல் ஊன்றி, நகர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணன் மகன் மனையின் போட்டோவையும் புலப்பட நகலையும் வாட்ஸப்பில் அனுப்பினான். இரண்டே வாரத்தில் த்ரீடி படம் வந்தது. சாயங்கால வெளிச்சத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு வீடு, பக்கத்தில் புல்தரை, மேற்கே ஆள் உயரக் கண்ணாடி. அண்ணி அதை லாமினேட் செய்து சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார். வரைந்தவர் திறமைசாலிதான், அதில் சந்தேகமில்லை. அந்த வீடு வேறு மண்ணில், வேறு வானத்துக்குக் கீழே நின்றிருந்தால் நன்றாகவே இருந்திருக்கும்.

ஹாலுக்கு நடுவில் ஒரு அடி பள்ளமாக இறக்கி, சுற்றிலும் உட்காரும் மேடை போட்டிருந்தார். வீட்டுத் தரையைத் தூக்கிவைக்கும் பேஸ்மட்டமே 2 அடிதான். ஆக, மனிதர்கள் உட்காரும் இடம் வெளித்தரைக்கு ஒரே அடி உயரம். 2021 நவம்பர் மழையில் வாசலில் முழங்கால் தண்ணீர் நின்ற மூன்றாம் நாள், அந்தப் பள்ளத்தில் டைல்ஸ் இடுக்கு எல்லாம் ஊற ஆரம்பித்தது. துடைக்கத் துடைக்க வந்தது. சொல்லப்போனால் டெல்டாவில் எந்தப் பாட்டியும் வீட்டுக்குள் பள்ளம் வைக்கச் சம்மதிக்க மாட்டாள். எங்கள் பழைய வீடுகளில் முற்றம் மட்டும்தான் தாழ்ந்திருக்கும், அதற்கும் சலதாரை வைத்து கொல்லைக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். அண்ணன் அந்தப் பள்ளத்தை இப்போது மண் கொட்டி மூடிவிட்டார்.

சுவர் விரிசல்தான் இன்னும் தீராத வலி. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே ஏறும் விரிசல். சித்திரையில் விரல் நகம் நுழையும், கார்த்திகையில் தானாக மூடிக்கொள்ளும். மூன்று வருடமாகப் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, மறுபடி விரிந்து, மறுபடி பட்டி. மண் பரிசோதனை செய்யவில்லை. யாரும் கேட்கவில்லை. வரைந்தவர் இன்ஜினியர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தார், இன்ஜினியர் பிளானில் இருப்பதைப் போட்டார், மேஸ்திரி எல்லா வீட்டுக்கும் எடுக்கிற 5 அடி அஸ்திவாரக் கடைக்காலையே எடுத்தார்.

இன்னொன்று, கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். பிளான் முழுக்க மில்லிமீட்டரில் இருந்தது, குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில். அதுவும் தாளாக வரவில்லை, பி.டி.எஃப். ஆக வந்தது. எங்கள் மேஸ்திரி நாற்பது வருடமாக அடி, அங்குலத்தில் வேலை பார்ப்பவர். 9 அங்குலச் சுவர் என்றால் அவருக்குக் கை தானாக வரும், 230 என்றால் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். கண்ணாடி கீறிய போனில், வெயிலில், கட்டைவிரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். பாத்ரூம் தளத்தை ஒரு அடி இறக்கிப் போட வேண்டும் என்ற குறிப்பு அந்தத் திரையின் ஓரத்தில் எங்கேயோ இருந்திருக்கிறது. கான்கிரீட் போட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் குழாய் போக வேண்டும் என்பதற்காக பாத்ரூம் தரையை உயர்த்தினார்கள். இன்றைக்கும் அண்ணன் வீட்டில் படுக்கையறையிலிருந்து பாத்ரூமுக்கு ஒரு படி ஏறித்தான் போக வேண்டும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அண்ணி அங்கே ஒரு முறை விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. போன் திரைக்கு வெளியே போய்விட்ட ஒரு வரி ஒரு மனுஷியின் கையை முறித்தது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

என் வீட்டுக்கு வருகிறேன்.

2020 புரட்டாசியில் அந்த இளைஞர் முதல் முறை வந்தார். மத்தியானம் 3 மணி. நல்ல வெயில். காபி கொடுத்ததும் அதை எடுத்துக்கொண்டு மேற்குப் பக்க அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "டீச்சர், இந்தப் பக்கம் யாரும் படுக்கக் கூடாது. இங்க சாமான் அறையும் மாடிப்படியும் இருக்கட்டும்" என்றார். அது தவிர அன்றைக்கு வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யார் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், தம்பி வயலிலிருந்து எந்தப் பக்கமாக உள்ளே வருவார், சேற்றுக் காலை எங்கே கழுவுவார், ஸ்பிரேயர் எங்கே இருக்கிறது, யூரியா மூட்டை எங்கே, பூச்சி மருந்து எங்கே என்றுதான் கேட்டார். அதுவரை மருந்து டப்பா எங்கள் அடுப்படிக்குப் பின்னால் இருந்தது. அப்படித்தான் எல்லார் வீட்டிலும் இருக்கும். இப்போது கொல்லையில் தனியாகப் பூட்டுப் போட்ட ஒரு சின்ன அறை, வாசலில் குழாயும் கால் கழுவும் கல்லும் இருக்கிறது. தம்பி வீட்டுக்குள் வருமுன் மருந்து வாடையெல்லாம் அங்கேயே போய்விடும்.

இரண்டாவது முறை கார்த்திகையில் வந்தார், டிசம்பர் முதல் வாரம். புரெவிப் புயல் மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றுகொண்டு எங்கள் மேல் மழையைக் கொட்டிக்கொண்டிருந்த நாட்கள். பாலம் முழுகிவிட்டது, அவரால் திரும்பிப் போக முடியவில்லை. ராத்திரி திண்ணையில் பாயைப் போட்டுக் கொடுத்தோம். விடியற்காலை நான் எழுந்து வந்தபோது அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச்சுடன் மாட்டுக் கொட்டகைச் சுவரில் டேப்பைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் நின்ற கோடு, 2 அடி 2 அங்குலம். அம்மாவைக் கூப்பிட்டு, "பாட்டி, எழுபத்தேழு புயல்ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டார். அம்மாவுக்கு 82 வயது. மெதுவாக வந்து திண்ணைத் தூணின் அடியில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல் அது. அவர் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோட்டிலிருந்துதான் என் வீட்டின் பேஸ்மட்டம் முடிவானது, வாசல் மட்டத்திலிருந்து 3.5 அடி.

ஆனால் 3.5 அடி என்றால் ஏழு படி. அம்மாவுக்கு முழங்கால் முடியாது. சாய்வுப் பாதை வைப்பதென்றால் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்று கணக்குச் சொன்னார். 42 அடி. எனக்கு மலைப்பாக இருந்தது. அவர் அதைத் தெற்குச் சுவரை ஒட்டி 21 அடி ஏற்றி, திருப்பி, இன்னொரு 21 அடி ஏற்றினார். திரும்புகிற இடத்தை ஒரு குட்டித் திண்ணை ஆக்கிவிட்டார். அம்மா சாயங்காலம் அங்கேதான் உட்காருகிறாள், தெற்குக் காற்று நேராக வரும். அறுவடையில் நெல் மூட்டையும் அந்த வழியாகத்தான் தள்ளுவண்டியில் ஏறுகிறது. கட்டிய மேஸ்திரி அதற்கு மூட்டைப் பாதை என்றே பெயர் வைத்துவிட்டார்.

வீட்டை உயர்த்த மண் வேண்டுமே? மனை முழுவதையும் மேடாக்கலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவர் முடியாது என்றார். நம் மனையை உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வீட்டு ஆச்சி வாசலுக்குத்தான் போகும் என்றார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீடு நிற்கும் இடத்தை மட்டும் உயர்த்தி, கொல்லையில் ஒரு குட்டை வெட்டினோம். குட்டையில் எடுத்த களியை வீட்டுத் தரைக்கு அடியில் போட விடவில்லை, அது உப்பித் தரையைத் தூக்கிவிடும் என்றார். அதை மாட்டுக் கொட்டகைக்கும் தென்னை வரப்புக்கும் போட்டோம், தரைக்கு அடியில் போட வெளியிலிருந்து உப்பாத சவுடு மண் வந்தது. மாடித் தண்ணீர் முழுவதும் அந்தக் குட்டைக்குத்தான் போகிறது. தமிழ்நாட்டில் 2003-இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் எல்லா வீட்டிலும் ஒரு உறைக்குழி இருக்கிறது. ஆனால் கார்த்திகையில் எங்கள் களிமண்ணில் அந்தக் குழி ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கும், என்னத்தை வாங்கும்? குட்டை வாங்குகிறது. சித்திரையில் மாட்டுக்கும் ஆகிறது.

மண் பரிசோதனைக்கு ஆன காசு எங்கள் வாசல் நிலைக்கதவுக்கு ஆன காசில் பாதிகூட இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அண்டர் ரீம் பைல் போடலாம் என்று முடிவானது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆழத் துளை போட்டு, அடியில் பானை மாதிரி அகலப்படுத்தி, கம்பி இறக்கிக் கான்கிரீட் போடுவது. ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்த மாதிரி உப்பிச் சுருங்கும் மண்ணுக்காகவே உருவாக்கிய முறை. மேல்மண் சுருங்கினாலும் உப்பினாலும் அடியில் இருக்கிற பானை அசையாது. அப்புறம் கம்பி. எங்கள் ஊர் போர் தண்ணீர் உவர்ப்பு, அதில் கான்கிரீட் கலந்தால் உள்ளே கம்பி துரு ஏறி, பத்து வருடத்தில் சன்ஷேடு உதிரும். தெருவில் நாலு வீட்டைக் காட்ட முடியும். கலவைக்கும் நனைப்புக்கும் ஊர்க்குளத்துத் தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் ஒரு முறைக்கு மூன்று முறை சொன்னார்.

மூன்றாவது முறை தையில் வந்தார். அறுவடை முடிந்து வீடு முழுக்க மூட்டை, நடக்க வழியில்லை. கொள்முதல் நிலையத்தில் முறை வரும்வரை நெல் வீட்டில்தானே இருக்கும். நீங்கள் வரைகிற அழகான ஹாலில் அந்த ஒரு மாதம் நாற்பது மூட்டை அடுக்கியிருக்கும் என்பது பிளானில் எங்கேயாவது வருகிறதா? அவர் அதை எண்ணிக்கொண்டார். விதைநெல் தனியாக எங்கே, உளுந்து எங்கே காயும் என்று எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மத்தியானச் சமையல் நேரம். "பாட்டி, நீங்க சோறு வடிக்கிறத நான் பாக்கலாமா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்கு ஒரே வெட்கம். அம்மா 4 அடி 9 அங்குலம். கொதிக்கிற பானையைத் துணியால் இரண்டு பக்கமும் பிடித்து, தரையில் இருக்கும் கல்லின் மேல் இறக்கி, தட்டால் வாயை மூடி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பானையைச் சாய்த்துக் கஞ்சியைச் சட்டியில் இறக்குவாள். ஆவி முகத்தில் அடிக்கும், தலையை இடது பக்கம் திருப்பிக்கொள்வாள். அறுபது எழுபது வருடப் பழக்கம் அது. அவர் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டேப்பை எடுத்து, அம்மா நிற்கும்போது முழங்கை உயரத்தை அளந்தார், பானையைத் தூக்கும்போது கை எவ்வளவு உயரம் போகிறது என்று அளந்தார். அடுப்பு மேடையை எல்லா வீட்டிலும் 34 அங்குலம் வைப்பார்களாம். எங்கள் வீட்டில் 29 அங்குலம். தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தாழ்ந்த கல்மேடை, விளிம்பு கட்டி, தொட்டிக் குழாயோடு சேர்த்தது. அம்மா அதில் பானையை வைத்து ஒரு முக்காலியில் உட்கார்ந்தபடியே கஞ்சி வடிக்கிறாள். புது வீட்டில் என்ன பிடித்திருக்கிறது என்று யார் கேட்டாலும் அம்மா முதலில் அந்தக் கல்லைத்தான் காட்டுவாள். யாரும் இதுவரை அவளிடம் உனக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

வாஸ்து பற்றி ஒரு வார்த்தை. வாஸ்து என்று சொன்னதும் உங்களில் சிலருக்கு முகம் மாறிவிடுகிறது. மாற வேண்டாம். அம்மாவுக்கு அடுப்பு அக்னி மூலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் அதை வரைவதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொண்டு அதற்குள் வீட்டை வரைந்தார்.

அவர் கொடுத்த பிளான் பெரிய தாளில், அடி அங்குலத்தில், தமிழில் வந்தது. சுவர், லிண்டல், பீம், குழாய் வழி, கரண்டு பாயின்ட் என்று தனித்தனித் தாள். சிமென்ட் கொட்டகையில் பிளைவுட்டில் ஒட்டி, மேலே பாலித்தீன் உறை போட்டு மாட்டினோம். இரண்டாம் வாரமே மேஸ்திரி அதன் முன்னால் நின்று பென்சிலை எடுத்துவிட்டார். "சார், இங்க லிண்டலும் பீமும் மோதுது பாருங்க" என்றார். ஆமாம், மோதியது. அன்றைக்கே திருத்தினார்கள். மேஸ்திரிக்குப் படிக்கத் தெரிந்ததால்தான் அந்தத் தப்பு கான்கிரீட் ஆகாமல் தாளிலேயே நின்றது. உங்களிடம் நான் கேட்பதில் மிகச் சுலபமானது இதுதான்: எங்கள் பக்கம் வரும் பிளானைத் தமிழில், அடியில், அச்சடித்த தாளில் கொடுங்கள்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடலாம், அதில் கூச்சம் வேண்டாம். கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று நீங்கள் கூலி சொல்லும்போது, செலவு ஏற ஏற இவருக்கும் ஏறுமே என்று எங்கள் மனசில் ஒரு முள் விழும். வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். அதற்குப் பதில் முன்கூட்டியே ஒரு தொகையாகப் பேசி, எத்தனை தாள் தருவீர்கள், எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு, எத்தனை முறை நேரில் வருவீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். கடைக்காலுக்கு ஒரு முறை, பேஸ்மட்டத்துக்கு ஒரு முறை, ரூஃப் கம்பி கட்டியதும் ஒரு முறை என்று எழுதியிருந்தால் நாங்கள் நிம்மதியாக இருப்போம். எங்கள் பக்கமும் தப்பு உண்டு. நான் கையில் இருப்பதில் ஐந்து லட்சத்தை மறைத்துத்தான் அவரிடம் முதலில் சொன்னேன், உள்ளதைச் சொன்னால் முழுவதையும் செலவு வைத்துவிடுவார் என்ற பயம். அவர் அதற்குத் தகுந்த மாதிரி முற்றத்தை எடுத்துவிட்டு வரைந்தார். பிறகு உண்மையைச் சொன்னதும் எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டியதாயிற்று, ஒரு மாதம் போனது. வீடு கட்டப் போகிற மற்றவர்களும் இதைப் படித்தால், கணக்கை முதல் நாளே ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கிராமத்தில் பாதிப் பேருக்கு ஆர்க்கிடெக்ட் யார், இன்ஜினியர் யார், பிளான் போட்டுத் தருபவர் யார் என்ற வித்தியாசமே தெரியாது. 1972-ஆம் வருடச் சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் மட்டுமே ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும் என்பதை எனக்கே அந்தப் பையன்தான் சொன்னார். அந்தப் பெயருக்குப் பின்னால் ஐந்து வருடப் படிப்பு இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரிய வேண்டுமானால், நீங்கள் எங்கள் தெருவில் கண்ணில் பட வேண்டும்.

இப்போது அனுமதி வாங்குவதும் சுலபமாகிவிட்டது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று கொடுத்தால் ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. ஆபீஸ் ஆபீஸாக அலைந்த நாட்கள் மிச்சமாகின்றன. அந்த நாட்களை எங்கள் மனையில் செலவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். வெயிலில் ஒரு முறை, மழையில் ஒரு முறை, அறுவடையில் ஒரு முறை.

துவாக்குடி என்.ஐ.டி.யிலும் சுற்று வட்டாரக் கல்லூரிகளிலும் கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் மாணவர்கள் கோயில் கோயிலாக அளந்து வரைகிறார்கள், நல்லது. கோயில் இன்னும் ஆயிரம் வருடம் நிற்கும். எங்கள் திண்ணை வைத்த வீடுகள் அப்படியில்லை. ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், பத்தாயம் வைத்த அறை என்று முழுசாக இருந்த வீடுகள் எங்கள் தெருவில் மட்டும் கஜாவுக்கு முன் பதினொன்று. இப்போது இரண்டு. அந்த இரண்டையும் யாராவது அளந்து வைத்துக்கொள்ளுங்கள். சலதாரைக்கு எவ்வளவு வாட்டம் கொடுத்தார்கள், கூரை விளிம்பை எவ்வளவு தாழ்த்தினார்கள், சாவு விழுந்தால் கூடத்திலிருந்து பாடையை எந்த வழியாக வாசலுக்கு எடுத்தார்கள் என்பதெல்லாம் அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது. வீட்டுக்காரர்களிடம் நான் பேசிவிட்டேன், இருவருக்கும் சம்மதம்.

இந்த வருடம் ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் வாருங்கள். எங்கள் வீட்டில் தங்கலாம், திண்ணை இந்த முறை அகலமாகவே வைத்திருக்கிறோம், கொசுவலையும் இருக்கிறது. காரில் வருபவர்கள் பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ரோடு தண்ணீருக்குள் இருக்கும். தம்பி டிராக்டரோடு வந்து நிற்பான். நல்ல டேப் ஒன்று கையோடு கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வீட்டுக்காரி